எஞ்சின் மட்டும் சீமை

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். எந்த ஊரில் செய்தது என்று அங்கேதானே குத்தியிருக்கும்? பூட்டு, லாந்தர், தீப்பெட்டி, சவரக்கத்தி, ஒன்றும் தப்பாது. கல்யாணமான புதிதில் சேக்காட்டில் இருந்த என் அண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அண்ணி ஆசையாகப் பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தாள். இவர் வாங்கினார், பழக்க தோஷத்தில் கவிழ்த்தார். காப்பி முழுவதும் மடியில். சூடு தாங்காமல் எழுந்து குதித்துக்கொண்டே, "சீமை சாமான்தான், நான் நெனச்சேன்" என்றார். அந்த மனிதர் கார் வாங்கக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது யுத்த காலத்துச் சங்கதி. வெள்ளைக்காரன் இன்னும் கப்பல் ஏறவில்லை. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் கொட்டகை போட்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். பூந்தமல்லிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பஸ்களில் பாதி நின்றுவிட்டன. மீதி, கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே வந்தன. எங்களுக்குத் திருமழிசை ஓரத்தில் கொஞ்சம் நஞ்சையும் ஒரு மல்லிகைத் தோட்டமும் ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தன. இவர் வாலிபத்தில் அந்நியத் துணியைத் தெருவில் குவித்துக் கொளுத்திய கூட்டத்தில் இருந்தவர். அன்றைக்கு நெருப்புக்கு முன்னால் என்ன சத்தியம் செய்தாரோ, அதற்குப் பிறகு உடம்பில் கதர், வாயில் 'இது எங்க செஞ்சது' என்ற கேள்வி. இரண்டையும் அவர் அவிழ்த்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்காகத்தான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. முதலாவது வீட்டிலேயே. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்தாள், அழுகைச் சத்தமே வரவில்லை. இரண்டாவதற்கு முன்ஜாக்கிரதையாக மாட்டு வண்டியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மாடுகள் பாவம், எவ்வளவுதான் ஓடும்? வண்டி குமணன்சாவடியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை.

மூன்றாவது வயிற்றில் வந்ததும் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போய்க் காட்டினோம். அவர் அரைகுறைத் தமிழில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி கண்டவுடன் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வேண்டும், கத்தி வைக்கும்படி ஆனாலும் ஆகும், வழியில் சுணங்கினால் இதுவும் கிடைக்காது. முன்கூட்டியே போய்ப் பட்டணத்தில் தங்கலாமே என்றால், குண்டு விழும் என்று பயந்து பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. புரசைவாக்கத்தில் எங்களுக்கென்று இருந்த ஒரே உறவு, மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலோ வலி எடுத்த பிறகுதான் கட்டில். ஆக, கார் வாங்கியே தீர வேண்டும். சவுக்குத் தோப்பை விற்றுவிட்டு வாங்குவது என்று ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டார். அது வரைக்கும் நல்ல மனுஷன்தான்.

எந்தக் கார் என்பதில்தான் வந்தது வினை.

என் அண்ணன் ஆவடிப் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கார் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கே அவன் சொன்னதுதான் தீர்ப்பு. ஊருக்குத் திரும்பப் போகிற ஒரு துரை தன் சின்னக் காரை விற்கப் போவதாக மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு பேர் உட்காருகிற கார், சிக்கனமான கார், எறும்பு குடிப்பது போலத்தான் பெட்ரோல் குடிக்கும், கூப்பனுக்குக் கிடைக்கிற கொஞ்சத்திலேயே மாதம் முழுக்க ஓட்டலாம் என்றான். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அது எங்கே செய்தது என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், காரு வாங்குறது ஓடறதுக்கு. ஒரு கேலனுக்கு எத்தினி மைலுன்னு கேளு. எங்க செஞ்சா உனக்கு இன்னா?"

"துரைகிட்ட வாங்குனா அந்தப் பணம் அவனோட கப்பல் ஏறும். பெட்ரோலும் கப்பல்ல வருது. ரெண்டுத்துக்கும் நான் ஆள் இல்ல மச்சான்."

"அப்ப இந்த ஊர்ல எவன் காரு செய்யறான்? சொல்லு, போயி வாங்கிகினு வரேன்."

இந்த தேசத்தில் அப்போது யாரும் முழுசாகக் கார் செய்யவில்லை. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்ததை இங்கே பூட்டி விற்றார்கள், அவ்வளவுதான். பதில் இல்லாதபோது இவர் எழுந்து போய்த் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்த வாரம் எங்கள் வீட்டுத் துளசி அழுகியே போயிற்று.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் பழைய கார் விற்கிற ஒரு ஷெட்டுக்கு என்னை அழைத்துப் போனார். அண்ணனும் கூட வந்தான். நான் ஒரு கட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டின் மூலையில் யானைக்குட்டி கணக்காக ஒரு கார் நின்றது. தரகர் தும்பைப்பூ வேட்டி கட்டிய சாமர்த்தியசாலி. அசல் அமெரிக்கா கார், ஒரு ஆணிகூட மாற்றவில்லை, வந்த மாதிரியே இருக்கிறது என்று ஆரம்பித்தார். இவர் முகம் விழுந்துவிட்டது. கதர்ச் சட்டையையும் தொங்கிய முகத்தையும் தரகர் ஒரு தரம் மாறி மாறிப் பார்த்தார். எமகாதகன். அந்த நிமிஷமே பேச்சைத் திருப்பிவிட்டார்.

அசல் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னதாம். பார்க்கப் போனால் இதில் அமெரிக்காவே கிடையாதாம். மேல்கூடு போன வருஷம் லாரியில் மோதி நொறுங்கியது, வியாசர்பாடித் தச்சர் தேக்கில் கட்டிக் கொடுத்தார். ரேடியேட்டர் ஓட்டையாகிப் போனது, பித்தளைப் பாத்திரக்காரர் தட்டிக் கொடுத்தார். குலுங்காமல் தாங்குகிற வில் பட்டை முறிந்தது, கொல்லன் உலையில் அடித்தது. சீட்டில் எலி குடும்பம் நடத்திற்று, அதனால் உள்ளே இருப்பதெல்லாம் நம்மூர்த் தேங்காய் நார். எந்தத் தரகனும் மூடி மறைக்கிற குறை அத்தனையும் அவர் வாயில் வரிசையாகப் பெருமையாகிவிட்டது. பின்பக்கம் நிறுத்தியிருந்த தகர உருளையைக் கடைசியில் காட்டினார். அதுதான் கரி அடுப்பு. உள்ளே கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதினால், ஒரு வாயு கிளம்பிக் குழாய் வழியாகப் போய் எஞ்சினை ஓட்டும். பெட்ரோலே வேண்டாம். அந்த அடுப்பும் பெரம்பூரில் செய்ததாம்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காரைக் கவிழ்த்துப் பார்க்க முடியாதல்லவா? அதனால் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாக விரல் கணுவால் தட்டினார். கதவைத் தட்டி, "இது நம்முது" என்றார். ரேடியேட்டரைத் தட்டி, "இது நம்முது." சீட்டை ஒரு குத்து குத்தினார், தூசி எழும்பியது, "இதுவும் நம்முது." அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன், மெதுவாகப் போய் முன் மூடியைத் தூக்கிக் காட்டினான்.

"எஞ்சின்?"

இவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, "அதுல ஊத்துற தண்ணி நம்முது" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் வயிறு இழுக்கும் என்று பயந்து முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அண்ணனும் விட்டபாடில்லை, இது ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று கேட்டான். கேலனே இல்லாத காருக்கு மைல் எதற்கு, இதைவிடச் சிக்கனம் உலகத்தில் உண்டா என்று இவர் மடக்கிவிட்டார். பழைய காராக வாங்கினால் பணமும் தரகர் கையில்தான் போகும், தரகர் மயிலாப்பூரில்தான் அரிசி வாங்குவார், ஒரு காசு கடல் தாண்டாது. வாதம் என்னவோ பழுதில்லாத வாதம்தான். காரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கார் வீட்டுக்கு வந்தது. கரி என்றால் நம் தோப்புக் கரி, நம் தோப்புச் சவுக்கு, என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், முதல் தடவை அடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தோப்பை விற்றுத்தானே காரை வாங்கினோம்? இனிமேல் கரிக்கு எங்கே போவது? கார் வாங்குகிற மும்முரத்தில் அந்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவு பேசிய எனக்கும் தோன்றவில்லை, சர்வமும் தெரிந்த என் அண்ணனுக்கும் தோன்றவில்லை. கடைசியில் தோப்பை வாங்கிய கரி வியாபாரியிடமே போய் நின்றார். வியாபாரி நல்லவர், குத்திக் காட்டவில்லை. மூட்டையைத் தூக்கிக் கொடுத்து, "உங்க தோப்புக் கரிதாங்க, நல்லா எரியும்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு மூட்டைக்கும் சொன்னார்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன். இவர் சீக்கிரமே கற்றுக்கொண்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார்தான் வாரத்துக்கு ஒன்றாக எதையாவது உதிர்த்துக்கொண்டிருந்தது. அச்சாணி மாதிரி ஒன்று போனது, திருமழிசைக் கொல்லர் செய்து போட்டார். விளக்குக் கண்ணாடி போனது, லாந்தர் சிம்னியை வெட்டி ஒட்டினார்கள். ஹாரன் போனது, பால்காரரின் ரப்பர் ஊதல் வந்தது. சாதாரண மனுஷனாக இருந்தால் நொந்து போவான். இவர் ஒவ்வொரு முறையும் புதுச் சாமானைத் தட்டி, "இது நம்முது" என்று குளிர்ந்து போவார். கெட்டுப் போகப் போகச் சுதேசி ஆகிக்கொண்டு வந்த ஒரே கார் பூமியிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கில் முழுசும் நின்றுபோனால் முழு சுயராஜ்யம் வந்துவிடுமா என்று கேட்டேன். கேட்காதது போலத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

நான் இப்படி வாய் ஓயாமல் கேலி பேசியதற்குக் காரணம் பயம். வயிறு ஏற ஏற அந்தப் பயமும் ஏறிக்கொண்டு வந்தது. அடுப்புப் பற்றி, வாயு கிளம்பி, எஞ்சின் பிடிப்பதற்குள் ஒரு சமையலே ஆகிவிடும். அன்றைக்கு அவ்வளவு நேரம் எனக்கு இருக்குமா? யாரிடம் கேட்பது? கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராதா என்பார்கள்.

எட்டாம் மாதம் டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காகக் காரிலேயே புறப்பட்டோம். பூந்தமல்லி தாண்டும் வரைக்கும் ஜோராகப் போயிற்று. குமணன்சாவடியில் நாலு பேர் நடமாடுகிற முச்சந்தியில் வந்து நின்றுவிட்டது. அடுப்புக்குள் சாம்பல் கட்டிக்கொண்டு நெருப்பே அணைந்துவிட்டதாம். இவர் இறங்கிச் சாம்பலைக் குத்தினார், மறுபடி பற்றவைத்தார், சக்கரத்தைச் சுற்றினார். கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா நைனா, இட்லி வெந்துச்சா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் புளியமரம் தெரிந்தது. அன்றைக்கு மாட்டு வண்டியை அதன் நிழலில்தான் அவிழ்த்துப் போட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் காரை விட்டு இறங்கி அவரிடம் போனேன்.

"எனக்கு நம்மூர்க் காரும் வேணாம், சீமைக் காரும் வேணாம். நிக்காம போற காரு வேணும். இதுவும் போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கூட்டம் அடங்கிப் போயிற்று. இவர் கையில் சாம்பல் கம்பியோடு அப்படியே நின்றார். ஒரு ஜட்கா பிடித்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் ஆள் சேர்த்துக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்று முழுவதும் சாப்பிடவும் இல்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. எனக்கும் கோபம் வந்தால் இறங்க நாளாகும்.

மறுநாள் எழுந்து பார்த்தால் வாசலில் கார் புகைந்துகொண்டிருந்தது. எங்கேயோ புறப்படுகிறார் என்று நினைத்தேன். புறப்படவில்லை. உச்சிவேளையிலும் புகைந்தது, விளக்கு வைக்கிற நேரத்திலும் புகைந்தது. கார் அசையவே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. சமையலறையில் நாங்கள் தணலைச் சாம்பலுக்குள் மூடி வைத்து மறுவேளைக்கு எடுப்போமே, அந்த மாதிரி காரின் அடுப்பில் நெருப்பு அணையாமல் போட்டுக் காத்துக்கொண்டிருந்தார். நேரத்துக்கு நேரம் போய்ச் சாம்பலைத் தட்டி, கைப்பிடிக் கரி போட்டு, மூடியை மூடிவிட்டு வருவார். ராத்திரிக் காவலுக்குப் பூந்தோட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டுக் கார் ஓரத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? காருக்குப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறார் என்றார்கள். புரசைவாக்கத்து உறவுக்காரம்மாள் தன் மாற்றுப் புடவையெல்லாம் கரிவாசனை அடிக்கிறதென்று மூக்கால் அழுதாள். கரி மூட்டை மூட்டையாகத் தீர்ந்தது. வியாபாரியிடம் வாங்கிக் கட்டுப்படியாகாமல், விற்ற தோப்பில் மிச்சமிருந்த வேர்க்கட்டைகளைத் தோண்டிக்கொள்ளக் கேட்டு வாங்கி, ஆள் விட்டுத் தோண்டி, பின்கட்டில் மூட்டம் போட்டுக் கரியாக்கினார். என் அண்ணன் வந்து பார்த்தான். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"மச்சான், இப்ப சொல்லு. ஒரு மூட்டைக் கரிக்கு இது எத்தினி மைலு ஓடுது?"

ஓடினால்தானே சொல்வார்? நின்ற இடத்தில் நின்றுகொண்டு தோப்பையே தின்னுகிற கார் அது. சொட்டுப் பெட்ரோல் கூடாது, ஒரு கரித்துண்டு வீணாகக் கூடாது என்று சிக்கனம் பேசியவர், எழுந்து போய் அடுப்பில் இன்னும் ஒரு பிடி கரி போட்டார். அண்ணன் போன பிறகு நானும் என் பங்குக்கு விடவில்லை. "நெருப்பு வளர்த்து ஓமம் பண்றீங்களே, காரு எந்த லோகத்துக்குப் போவப் போவுது?" என்றேன்.

அவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே சொன்னார்.

"நெருப்பு அணைஞ்சா மறுபடி புடிக்க நேரமாவும். அந்த நேரம் நம்ம கையில கீதோ இல்லியோ. அன்னிக்கு மாட்ட அடிச்சேனே, ஞாபகம் கீதா? அதுக்கு மேல அதால ஓட முடியல. எனக்குப் பயமா கீது."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. போலீஸ் தடியைப் பார்த்தே பயப்படாதவர். போன பிள்ளைகள் இரண்டும் எனக்குத்தான் போனவை என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுப்புச் சூடு முதுகில் அடித்தது. துடைக்கிற துணியை அவர் கையிலிருந்து வாங்கி நானும் கொஞ்சம் துடைத்தேன். அன்றிலிருந்து பகலில் சாம்பல் தட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, அடுப்பங்கரையில் பார்க்காத நெருப்பா?

வலி வந்தது நல்ல வெயிலில், நெல் காய வைத்துக்கொண்டிருந்தபோது. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம்தான் கொடுத்தேன். இவர் ஓடிப்போய்க் கைச்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். நெருப்பு தயாராக இருந்தது. எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, வலியால் அல்ல. உறவுக்காரம்மாள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதுநாள் வரை கரிவாசனைக்கு மூக்கைப் பிடித்தவள், அன்றைக்கு, "இன்னும் போடுப்பா கரிய, இன்னும் போடு" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

பூந்தமல்லி போனது. குமணன்சாவடி வந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இவர் பால்காரர் ஊதலை விடாமல் அமுக்கினார், முச்சந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அமுக்கினார். ஊதல் சத்தம் நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தேன். புளியமரம் பின்னால் போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் சும்மா கொண்டுபோய் விட்டதா என்றால், இல்லை. கூவத்துப் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கரி வாயுவுக்கு ஏற்றம் ஆகாது. நின்றுவிடும் போல முனகிற்று. இவர் கதவைத் திறந்துகொண்டு குதித்து, ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு தோள் தேக்குச் சட்டத்தில், ஓடிக்கொண்டே தள்ளினார். வயலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு ஓடிவந்து கை கொடுத்தார்கள். யார் எவர் என்று யாரும் கேட்கவில்லை. பாலத்து முதுகில் ஏறியதும் மறுபடி தாவி உள்ளே உட்கார்ந்தார். கதர் வேட்டி பாதி கிழிந்து போயிருந்தது. அந்த நிலைமையிலும் நான் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன் என்று உறவுக்காரம்மாள் பிற்பாடு சொன்னாள். இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் என்னை நேரே உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா சொன்னபடி கத்தி வைக்கும்படிதான் ஆயிற்று. மயக்க மருந்து சீமை, கத்தி சீமை, கத்தி பிடித்த கை சீமை. கையெழுத்துப் போட வாசலில் நிறுத்தி வைத்திருந்த மனுஷன் அன்றைக்கு ஒன்றையும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். நேரத்துக்கு எப்படி வந்தீர்கள், பஸ்கூட இல்லையே என்று கேட்டாராம். இவர் கரிபடிந்த முகத்தைத் துடைத்தாராம், இன்னும் கரியானதுதான் மிச்சம்.

எனக்கு நினைவு தெளிந்தபோது பக்கத்தில் குழந்தை கிடந்தது. பெண். அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அழுததாம், வார்டே அதிரும்படி. அது அழுததைக் கேட்காமல் தூங்கிவிட்டோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நர்ஸ் இவரைக் கை கழுவச் சொல்லி உள்ளே விட்டாள். கழுவினார், ஆனால் நகக்கண்ணில் கரி போகவில்லை. கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். குழந்தையைத் தொடலாமா என்பது போல என்னைப் பார்த்தார். நான் துணியை விலக்கினேன்.

ஒரு விரலால் காலைத் தொட்டார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் தட்டி நான் பார்த்ததில்லை. "இது நம்முது" என்றார். கையைத் தொட்டார், "இது நம்முது." காது மடலைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், ஒவ்வொன்றுக்கும் அதையேதான் சொன்னார். கன்னத்தில் கண்ணீர் கரியோடு கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? என் அண்ணன் ஷெட்டில் கேட்டானே, அதையே கேட்டேன்.

"எஞ்சின்?"

அவர் உள்ளங்கையை விரித்துக் குழந்தையின் நெஞ்சில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. உள்ளே அது டக்கு டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

"இதுவும் நம்முதுதான்" என்றார்.